வீட்டு மொழி: ஆங்கிலம்

1

என் மகள் ரேச்சலின் பள்ளிக்கூடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தால் பெரும்பாலும் விஷயம் பேனாக இருக்கும். ‘உங்கள் பிள்ளையின் வகுப்பில் பேன் காணப்பட்டது, வீட்டில் தலையைப் பார்க்கவும்.’ இல்லையென்றால் கேக் விற்பனை. இங்கிலாந்தின் நடுவாந்தரத்தில் இருக்கும் இந்த ஊரில், இந்த இரண்டுக்கும் நான் பழகிவிட்டேன். திங்கட்கிழமை வந்த மின்னஞ்சல் வேறு மாதிரி இருந்தது. எல்லாப் பெற்றோருக்கும் பொதுவாக எழுதியிருந்தார்கள்.

நான்காம் வகுப்பில் புதிதாக ஒரு பெண் குழந்தை சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. இந்தியாவிலிருந்து வந்தவள். இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதே இல்லை. அவள் வீட்டில் பேசும் மொழி தமிழ் என்று பதிவாகியிருக்கிறது. ‘எங்கள் பதிவேடுகளின்படி நம் பள்ளியில் இந்த மொழி பேசும் குடும்பம் வேறு எதுவும் இல்லை. உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது தமிழ் தெரிந்தால், தயவுசெய்து அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளவும்.’

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம் பள்ளியில் தமிழ்க் குடும்பம் இல்லையாம்! மூன்றேகால் மணிக்கு அந்தப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று பாருங்கள். என் கைவிரல் கால்விரல் எல்லாம் சேர்த்து எண்ணினாலும் போதாது. மதுரை இருக்கிறது, சேலம் இருக்கிறது, எங்கள் ஆவடியே இரண்டு வீடு இருக்கிறது. ‘ஏய், அங்க ஓடாத, வுழுந்து வைக்கப்போற’ என்ற குரல் கேட்காத நாள் கிடையாது.

சிரித்து முடித்ததும் ரேச்சல் நான்காம் வகுப்பு என்பது நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் இவள் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. அலுவலகத்துக்கு ஒருத்தரும் பதில் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதை ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டுமானால், நாங்கள் இந்த வீட்டை வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் மானக்கேடான கதைதான். பரவாயில்லை.

2

இங்கே பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைப்பது மதிப்பெண்ணால் அல்ல, டொனேஷனால் அல்ல, எம்.எல்.ஏ. கடிதத்தால் அல்ல. வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு எத்தனை தூரம் என்று நூல் பிடித்து அளப்பார்கள். கிட்டே இருக்கிறவனுக்கு இடம். கேட்கிறபோது எவ்வளவு நியாயமாக இருக்கிறது! அதனால் நல்ல பள்ளிக்குக் கிட்டே இருக்கும் வீடெல்லாம் யானை விலை. டொனேஷனை இங்கே பள்ளிக்கூடம் வாங்குவதில்லை, வீட்டை விற்கிறவர் வாங்கிக்கொள்கிறார்.

என் கணவர் பிரபுவுக்குச் சொந்த ஊர் பூந்தமல்லி. டிரங்க் ரோட்டில் அவர்கள் வீட்டாருக்கு ஹார்டுவேர் கடை. ஆணி வாங்க வந்தவனிடம் பெயிண்டையும் சேர்த்து விற்கிற ரத்தம். வீடு வாங்கலாம் என்று முடிவானதும் கம்ப்யூட்டரில் ஒரு பெரிய அட்டவணை போட்டார். எத்தனை படுக்கையறை, வாசல் எந்தத் திசை, பள்ளி எவ்வளவு தூரம், ஐந்து வருஷத்தில் விலை ஏறுமா என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு வைக்காமல் மஞ்சள் வண்ணம் மட்டும் அடித்திருந்தார்.

“இது என்ன?” என்றேன்.

“அது... வந்து... வீட்ல இங்கிலீஷ் பேசாத பசங்க அந்த ஸ்கூல்ல எத்தினி பேருன்னு.”

இந்த நாட்டில் அரசாங்கமே அந்தக் கணக்கைப் பள்ளிவாரியாக வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வெள்ளைக்காரர் அதைப் பார்த்துவிட்டு வேறு ஏரியாவுக்குப் போனால் அதற்குப் பெயர் இனவெறி. நாம் பார்த்தால் அதற்குப் பெயர் பெற்றோரின் அக்கறை.

“நாமளே வீட்ல தமிழ்தானே பேசுறோம்?”

“நம்மள விடு. மத்தவங்களச் சொல்றேன்.” பிறகு அவருடைய சித்தாந்தத்தை விளக்கினார். “நம்ம ஆளுங்களே இல்லன்னா புள்ள தனியா தவிக்கும். ரொம்ப இருந்தா அது இன்னொரு மாங்காடு, அதுக்கு எதுக்கு இம்மாந்தூரம் வரணும்? ரசத்துல பெருங்காயம் மாதிரி இருக்கணும் ஜாய்ஸ். வாசனை தெரியணும், கட்டி கடிபடக் கூடாது.”

நான் அவரைத் திட்டினேன் என்றுதான் எழுத ஆசை. திட்டவில்லை. அட்டவணையை என் பக்கம் திருப்பிக்கொண்டு, அந்த மஞ்சள் கட்டத்தை வைத்து எல்லாப் பள்ளிகளையும் வரிசைப்படுத்தச் சொன்னது நான்தான். அதில் ஒரு பள்ளி மட்டும் ஒற்றை இலக்கத்தில் இருந்தது. பக்கத்தில் ஓடை, ஆப்பிள் மரங்கள், ஒரு பழைய தேவாலயம். அங்கே ஒரு வீட்டை, முதுகெலும்பு நோகிற விலைக்கு வாங்கினோம்.

3

இந்த வியாதி எனக்குப் பரம்பரை.

அப்பாவுக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். நாங்கள் இருந்தது ஃபேக்டரி குவார்ட்டர்ஸில். குவார்ட்டர்ஸ் வாசம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ரிட்டையர் ஆகிற நாளில் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்க வேண்டும். அந்தப் பயம் அப்பாவுக்கு எட்டு வருஷம் முன்பே பிடித்துவிட்டது. டி.வி.எஸ். ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு மனை பார்க்கக் கிளம்பிவிடுவார்.

அவருக்கென்று ஒரு சித்தாந்தம் இருந்தது. தண்ணீர் எப்படி, பட்டா தெளிவா என்றெல்லாம் மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, அப்பா பள்ளிக்கூட வேனைப் பார்ப்பார்.

“நல்ல ஸ்கூல் வேன் எந்தத் தெருவுக்கு வருதோ, அந்தத் தெருவுல நல்ல குடும்பங்க இருக்குன்னு அர்த்தம். புரோக்கர் பொய் சொல்லுவான், வேன் பொய் சொல்லாது” என்பார்.

அண்ணனூரில், ரயில் ஷெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தெரு. தெரு என்று சொன்னது புரோக்கர். நாலு ஓட்டு வீடும் நிறையச் சீமைக் கருவேலமும் இருந்தன. அப்பா காலை ஷிஃப்டுக்குப் போகும் முன்பு ஆறு மணிக்கு அங்கே போய்ப் பார்த்தார். ஆவடியிலேயே பெயர்பெற்ற கான்வென்ட்டின் வேன் தெருவில் நின்றது. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து போய்ப் பார்த்தார். அதே வேன், அதே இடம். காலையிலும் வருகிறது, மாலையிலும் வருகிறது! மறுநாளும் போய் உறுதி செய்துகொண்டார். அந்த வாரமே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

வீடு கட்டி, போதகர் வந்து ஜெபம் பண்ணி, குடியேறிய மறுநாள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு போய் வேன் முன்னால் நின்றார். டிரைவர் பனியனோடு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பெயர் கன்னியப்பன்.

“ஏம்ப்பா, இந்த ஸ்டாப்புல எத்தனை பிள்ளைய ஏறுதாவ?” என்றார் அப்பா.

“இன்னா சார்? இங்க எவன் ஏறப்போறான்? என் ஊடு இங்க கீது. நைட்ல வண்டி இங்க தூங்கும்.”

கன்னியப்பன் அப்பாவையும் புது வீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“என் வண்டியப் பாத்தா ஊடு வாங்குன நைனா? சொல்லியிருந்தா கொஞ்சம் தள்ளி நிப்பாட்டியிருப்பேனே!”

அம்மா ஒரு மாதம் அப்பாவோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்தத் தெருவிலிருந்து கான்வென்ட் போன முதல் பிள்ளை நான். விடிகாலையில் காலி வேனில் எஞ்சின் சூட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னியப்பனின் வம்பளப்பைக் கேட்டுக்கொண்டே ஆவடியை முழுக்கச் சுற்றுவேன். என்னைப் பார்த்துவிட்டு புரோக்கர் எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தான், “கான்வென்ட் வேன் வர்ற தெரு சார். ஃபேக்டரி சார் பொண்ணு இங்கிருந்துதான் போவுது.” இப்போது அது பொய்யே இல்லை. மூன்றே வருஷத்தில் கருவேலம் போய் மாடிவீடுகள் வந்தன. வேனில் இடம் பிடிக்கச் சண்டை வந்தது. அப்பாவின் தப்பு தீர்க்கதரிசனமாக மாறிவிட்டது. அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

தெரு நல்ல தெரு ஆனதும் கன்னியப்பனின் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். அடுத்த வருஷம் இன்னும் ஏற்றினார். கன்னியப்பன் தட்டுமுட்டுச் சாமான்களை அதே வேனில் ஏற்றிக்கொண்டு திருநின்றவூருக்கு அப்பால் குடிபோனார். வேனும் அவரோடு போய்விட்டது. தெருப் பிள்ளைகளெல்லாம் மெயின் ரோடு வரை நடந்தோம். அவருக்காக அந்தத் தெருவில் ஒருவரும் பேசவில்லை, அப்பா உட்பட. எல்லோருக்கும் விலை ஏறியிருந்தது.

4

அந்தக் கான்வென்ட்டில் இடம் வாங்கினது தனிக் கதை. அப்பா அம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் ஒன்று இருந்தது. ‘வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?’ என்று கட்டாயம் கேட்பார்கள், ‘இங்கிலீஷ்’ என்று சொன்னால்தான் இடம்.

அம்மா தூத்துக்குடிக்காரி. மீன் விலையைப் பேரம் பேசுவதில் டாக்டர் பட்டம் கொடுக்கலாம், இங்கிலீஷ் மட்டும் வராது. அப்பா பதினைந்து நாள் ஒத்திகை நடத்தினார். அம்மா சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம்: ‘எஸ் சிஸ்டர்’, ‘ஒன்லி இங்கிலீஷ் சிஸ்டர்’. இட்லி ஊற்றும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள்.

அந்த நாள் வந்தது. சிஸ்டர் கேட்டார். அப்பா “இங்கிலீஷ்” என்றார். அம்மா இரண்டு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வியர்வையைத் துடைத்தாள். சிஸ்டர் எங்கள் மூன்று பேரையும் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு நல்ல தமிழில், “சரி, நாளைக்கு வந்து பணம் கட்டிடுங்க. பிள்ளைக்கு ஷூ கறுப்புதான், நினைவு வெச்சுக்கோங்க” என்றார்.

அந்தப் பள்ளியில் சேர்ந்த எல்லோர் வீட்டிலும் இங்கிலீஷ்தான். சிஸ்டருக்கு அது தெரியும், எங்களுக்கும் சிஸ்டருக்குத் தெரியும் என்று தெரியும். ஒருத்தருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் எப்போது வருகிறது என்றால், எதிர்ப்பக்கம் இருக்கிறவர் நாம் சொல்வதை அப்படியே நம்பிவிடும்போது.

5

ரேச்சலை இங்கே சேர்க்கும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘குழந்தையின் வீட்டு மொழி’ என்று ஒரு கட்டம். பிரபு யோசிக்கவே இல்லை, நானும் யோசிக்கவில்லை. இரண்டு பேர் கையும் ஒரே சமயத்தில் பேனாவுக்குப் போனது. ‘ஆங்கிலம்’.

தமிழ் என்று எழுதினால் பிள்ளையைத் தனியாக ஒரு மேசையில் உட்காரவைத்து ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக்கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மையா என்று நாங்கள் விசாரிக்கவில்லை. நாற்பது வயதிலும் எனக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் கான்வென்ட் வராந்தாவின் பினாயில் வாசனை வந்தது. கை தானாக எழுதிவிட்டது.

அதோடு நிறுத்தவில்லை. முதல் நாள் பள்ளிக்கு அனுப்பும் முன் ரேச்சலுக்குச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னேன், “டீச்சர் கேட்டா வீட்ல இங்கிலீஷ்தான்னு சொல்லணும், என்ன? அங்க தமிழ் பேசாத.”

அவள் சரி என்று தலையாட்டினாள். நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்பாள்.

பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே நாங்கள் கண்ட காட்சியை என்னவென்று சொல்வேன்! ஓடை இருந்தது, ஆப்பிள் மரம் இருந்தது. மரத்தடியில் நம்மவர்கள். வாசலில் நம்மவர்கள். கார் நிறுத்த இடமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நம்மவர்கள். இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு, நடுவில் யாரோ குஜராத்தி. பிரபுவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எத்தனை வருஷம் ஆனாலும் அதிர்ச்சியில் அவருக்குப் பூந்தமல்லி வந்துவிடும்.

“இன்னாடி இது? பஸ் ஸ்டாண்டு மாதிரி கீது?”

“அட்டவணையில ஒற்றை இலக்கம்னீங்களே?”

“அரசாங்கக் கணக்குடி அது!”

அரசாங்கக் கணக்கு தப்பே இல்லை. அரசாங்கம் எங்களைக் கேட்டுத்தான் எழுதியது. எங்களுக்கு முன்னால் வந்த மதுரைக்காரரும் ‘ஆங்கிலம்’ என்று எழுதியிருந்தார். அவருக்கு முன்னால் வந்த விஜயவாடாக்காரரும் அப்படியே. ஒவ்வொருவரும் நம்மவர்கள் இல்லாத பள்ளியைத் தேடி, அட்டவணை போட்டு, இந்த ஒற்றை இலக்கத்தைப் பார்த்து மயங்கி, வீடு வாங்கி, வந்து சேர்ந்து, அதே பொய்யை எழுதி, ஒற்றை இலக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறோம். எந்தத் தனிக் குற்றவாளியும் இல்லை, கூட்டுறவு சங்கம்தான்.

போகப் போக அந்தப் பொய் உண்மையாகிக்கொண்டே வந்தது என்பதுதான் நாங்கள் எதிர்பார்க்காதது. முதல் வருஷம் ரேச்சல் பள்ளியில் மட்டும் தமிழ் பேசவில்லை. அப்புறம் காரில் பேசவில்லை. இப்போது வீட்டிலும் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. அண்ணனூரிலிருந்து அப்பா வீடியோவில் கூப்பிட்டால், “ஹலோ தாத்தா, ஐ ஆம் ஃபைன்” என்று கையசைத்துவிட்டு ஓடிவிடுவாள். அப்பா என்னிடம், “பேத்தி நல்லா இங்கிலீஷ் பேசுதாட்டி” என்று பெருமைப்படுவார். அம்மா இருந்தால் அழுதிருப்பாள்.

6

இப்போது மின்னஞ்சலுக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளித் தமிழர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு குழு இருக்கிறது. கறிவேப்பிலை எங்கே மலிவு, எந்தப் பல் மருத்துவர் வலிக்காமல் பிடுங்குகிறார் என்பதெல்லாம் அதில் வரும். திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்த பத்தாவது நிமிஷம் எங்கள் தெருக் காயத்ரி எழுதினாள்: ‘யாரும் அவசரப்பட்டு ரிப்ளை பண்ணிடாதீங்க ப்ளீஸ்.’

ஏன் என்று யாரோ கேட்டார்கள். விளக்கினாள். ஒருத்தர் தமிழ் தெரியும் என்று போனால், அப்படியென்றால் படிவத்தில் ஏன் ஆங்கிலம் என்று கேள்வி வரும். எல்லோருடைய பதிவையும் திருத்தச் சொல்வார்கள். பள்ளியின் ஒற்றை இலக்கம் ஒரே நாளில் எங்கேயோ போய்விடும். வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். ‘நான் அடுத்த மாசம் வீட்டை மார்க்கெட்ல போடறேன். உங்க வீட்டு விலையும் அதுலதான் இருக்கு. யோசிச்சுக்கோங்க.’

யோசித்தோம். முப்பது பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். ஒருவர், ‘பாவம் அந்தப் பொண்ணு’ என்று எழுதி அழுகிற முகம் போட்டார். அந்த முகத்துக்கும் கட்டைவிரல்கள் விழுந்தன.

அந்தப் பெண் யார் என்று விசாரித்ததில், மாங்காட்டிலிருந்து வந்த ஒரு நர்ஸின் மகள், பெயர் கீர்த்தனா என்று தெரிந்தது. மருந்துக்கடைக்கு மேலே வாடகைக்கு இருக்கிறார்களாம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட். குழுவில் அவளைச் சேர்க்கவில்லை, வீடு வாங்கினவர்களைத்தான் சேர்ப்பார்கள். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படிவத்தில் உண்மையை எழுதிய ஒரே அம்மா அவள்தான். அதற்குப் பிள்ளைக்குக் கிடைத்த பரிசு மூன்று வார மௌனம்.

புதன்கிழமை அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா ஏதாவது நல்லதாகச் சொல்வார், எனக்குத் தைரியம் வரும் என்ற நினைப்பு.

“நீ எதுக்குட்டி வம்புல மாட்டுத?” என்றார். “அந்தப் பிள்ள ஆறு மாசத்துல தானா படிச்சிக்கிடும். வீட்டு வெல எறங்கிட்டுன்னா ஏறுமா? லோன் கெடக்குல்லா?”

“அப்பா, அது பேசவே மாட்டேங்குதாம்.”

“பேசாத பிள்ள நல்ல பிள்ளதான? நீ பேசிப் பேசியே கன்னியப்பன் காத ஓட்டை பண்ணல?”

என் அப்பாவை நம்பிப் பிரயோஜனமில்லை என்று போனை வைத்தேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் ரேச்சலிடம் கேட்டேன், “புதுசா ஒரு பொண்ணு வந்திருக்காளாமே உன் கிளாஸ்ல?”

“யெஸ். கீர்த்தனா. என் டேபிள்தான்” என்றாள், ஆங்கிலத்தில்.

“உன் டேபிளா?”

“எனக்கு அடுத்த சேர்.”

“டீச்சர் யாருக்காவது தமிழ் தெரியுமான்னு கேக்கலையா?”

“கேட்டாங்க. கிளாஸ் முழுக்க கேட்டாங்க.”

“யார் கை தூக்கினா?”

அவள் தட்டில் இருந்த வெண்டைக்காயை ஓரமாக ஒதுக்கினாள். “யாரும் இல்ல.”

அந்த வகுப்பில் ஏழு தமிழ்ப் பிள்ளைகள் எனக்கே பெயரோடு தெரியும். ஏழு பேரும் அம்மா சொன்னதைக் கேட்கிற பிள்ளைகள். டீச்சரும் பிள்ளைகளின் நிறத்தைப் பார்த்து ‘உனக்குத் தெரிந்திருக்குமே’ என்று கேட்க முடியாது, இங்கே அது நாகரிகக் குறைவு. பதிவேட்டைப் பார்த்திருக்கிறார். பதிவேட்டில் எல்லோரும் வெள்ளைக்காரர்கள்.

கோபம் யார் மேல் என்று தெரியாமல் பிரபுவின் மேல் பாய்ந்தேன். “எல்லாம் உங்க மஞ்சக் கட்டத்தால வந்த வினை.”

“அத வெச்சு வரிசைப்படுத்தச் சொன்னது யாரு?” என்றார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், “நீ போறதுன்னா போ. நான் தடுக்கல. ஆனா ஃபார்ம்ல கையெழுத்து நீயே போடு. காயத்ரி புருஷன் மூஞ்சில நான் ஞாயித்துக்கிழம முழிக்கணும், கிரிக்கெட் டீம்ல ரெண்டு பேரும் ஓபனிங்” என்றார்.

7

இன்று காலை போனேன். குழுவில் சொல்லவில்லை. அவ்வளவு வீரம் எனக்குக் கிடையாது.

அலுவலகத்தில் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பார். வருகைப் பதிவு, பேன் மின்னஞ்சல், தொலைந்த கையுறைகள் எல்லாம் அவர் பொறுப்பு. “எனக்குத் தமிழ் தெரியும்” என்றேன். கொலையை ஒப்புக்கொள்கிறவள் குரலில் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, அவர் எனக்கு நாற்காலி போட்டார்.

படிவத்தைத் திருத்த வேண்டும் என்றேன். ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. வாசலில் நாங்கள் எல்லோரும் பேசுவது அவருக்கு ஜன்னல் வழியே வருஷக்கணக்காகக் கேட்கிறதாம். அது ஆங்கிலம் இல்லை என்று தெரியுமாம். “அப்படியானால் ஏன் எங்களைக் கேட்கவில்லை?” என்றேன். பெற்றோர் எழுதிக் கொடுத்ததுதான் தகவல், காதில் விழுவது தகவல் ஆகாது என்றார். குத்திக்காட்டுகிறாரா என்று பார்த்தேன். இல்லை, விதியைத்தான் சொன்னார். நான் ‘ஆங்கிலம்’ என்பதை அடித்துவிட்டு ‘தமிழ்’ என்று எழுதினேன். காயத்ரிக்குத் தெரிந்தால் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவாள் என்று அப்போதும் ஒரு மூலையில் ஓடியது.

அதற்குள் வகுப்பிலிருந்து கீர்த்தனாவைக் கூட்டிவந்தார்கள். துணைக்கு அடுத்த நாற்காலிப் பெண்ணும் வரட்டும் என்று டீச்சர் ரேச்சலையும் சேர்த்து அனுப்பியிருந்தார். ரேச்சல் என்னைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

கீர்த்தனா எண்ணெய் வைத்துப் படிய வாரி, இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். குண்டுக் கண். நான் குனிந்து, “கீர்த்தனா, சாப்டியாம்மா?” என்றேன்.

அவள் முதலில் அலுவலகப் பெண்மணியைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து, காற்று மாதிரி கேட்டாள்.

“ஆன்ட்டி, இங்க பேசலாமா?”

“பேசலாமே. ஏன்?”

“இல்ல... எங்க மாங்காட்டு ஸ்கூல்ல கிளாஸ்ல தமிழ் பேசுனா ஃபைன் ஆன்ட்டி. அஞ்சு ரூவா. ரெண்டாவது வாட்டி பேசுனா வெளிய நிக்கணும். எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும், பேச வராது. அதான் சும்மா இருந்தேன். டப்பா மூடி கூட டைட்டு, தொறந்து குடுங்கன்னு கேக்கத் தெரியல.” கொஞ்சம் நிறுத்தி, “இங்க ஃபைன் எவ்ளோ ஆன்ட்டி? எங்கம்மா கைல இப்ப காசு இல்ல” என்றாள்.

மூன்று வாரமாக இந்தக் குழந்தை அபராதத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

“இங்க ஃபைனெல்லாம் கிடையாது கண்ணு.”

“யாருக்குமேவா?”

“யாருக்குமே.”

அவள் யோசித்தாள். திரும்பி, கதவருகில் நின்ற ரேச்சலைப் பார்த்தாள். அதில் கோபம் துளிகூட இல்லை, கணக்கு இடிக்கிறதே என்கிற குழப்பம்தான் இருந்தது.

“அப்ப இவ ஏன் ஆன்ட்டி பேசல? முத நாளு டேபிள்ல கால இட்ச்சிக்கினப்ப ‘அய்யோ அம்மா’ன்னா. நான் கேட்டேன். டெய்லி எப்ப பேசுவா எப்ப பேசுவான்னு பாத்துனே இருந்தேன்.”

ரேச்சல் என்னைப் பார்த்தாள். கீர்த்தனாவும் என்னைப் பார்த்தாள். எங்கள் பேச்சில் ஒரு வார்த்தை புரியாத அந்த அலுவலகப் பெண்மணியும், கையில் நான் திருத்திய தாளை வைத்துக்கொண்டு, நான் சொல்லப்போகும் பதிலுக்காகக் காத்திருந்தார்.